நெடுந்தீவில் ட்ராம் ஓடுகிறது

யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறும்போதே எனக்குக் கோபம். மண்கும்பான் தாண்டி வண்டி நின்றபோது அந்தக் கோபத்தைக் காட்ட ஓர் ஆள் கிடைத்தார். நடத்துநர் கீழே இறங்கி நின்று வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "என்ன ஆச்சுங்க, இப்படியே நிறுத்திட்டா எப்படி?" என்று கத்தினேன்.

"ஒண்டுமில்லை அக்கா, எஞ்சின் சூடாகிட்டுது. ஆறினாப் போகும்."

எங்கள் கோயம்புத்தூரில் என்றால் ஒரு சண்டை போட்டு, பின்னால் வரும் பஸ்ஸில் ஏறியிருப்போம். இங்கே பின்னால் எதுவும் வரவில்லை. பயணிகள் யாரும் சண்டைக்குத் தயாராகவும் இல்லை. ஒரு அம்மா பையிலிருந்து பாண் என்கிற ரொட்டியை எடுத்துப் பிய்த்துப் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்தார். எனக்கும் ஒரு துண்டு வந்தது. இனிப்பும் இல்லை, உப்பும் இல்லை. அதைத் தின்றுகொண்டே கோபமாக இருப்பது சிரமமாக இருந்தது. ஆனாலும் இருந்தேன்.

பஸ் காரணம் இல்லை. நான் போய்க்கொண்டிருந்தது நெடுந்தீவுக்கு. அங்கே கூட்டத்துக்கு வரும் மக்களிடம் ஒரு பொய்யைத் தமிழில் படித்துவிட்டு வர.

தீவுப் பகுதியில் ஆபத்தான நிலையில் இருக்கும் நோயாளிகளை ஏற்றிப்போக ஒரு படகு வாங்கித் தருவதாக வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று சொல்லியிருந்தது. ஒரே ஒரு படகு. அதை எந்தத் தீவில் கட்டிவைத்தால் அதிகம் பேர் பிழைப்பார்கள் என்று கண்டுபிடிப்பது எங்கள் நிறுவனத்தின் வேலை. கணினிக்குள்ளேயே தீவுகளையும் கடலையும் மனிதர்களையும் உருவாக்கி, அவர்களுக்கு நோயை வரவழைத்து, எப்படிப் போய்ச் சேருகிறார்கள் என்று ஆயிரம் முறை ஒத்திகை பார்ப்போம். சிமுலேஷன் என்பார்கள்.

ஒத்திகை நடக்க வேண்டுமானால், எது என்ன என்று கணினிக்கு முதலில் சொல்ல வேண்டும். தீவு என்றால் நிலம், சுற்றிலும் நீர், அங்கே போகப் பாலமோ படகோ வேண்டும். படகு என்பது வாகனம், ஆனால் சாலையில் ஓடாது. இப்படி ஒவ்வொரு பொருளையும் அதன் உறவுகளையும் எழுதிவைக்கும் அகராதிக்கு எங்கள் தொழிலில் ஆன்டாலஜி என்று பெயர். உலகத்தின் பல மூலைகளில் பலர் எழுதிவைத்த இத்தகைய அகராதிகளை இணையம் வழியாக ஒன்றோடொன்று கோக்கலாம். இங்கே உள்ள இதுவும் அங்கே உள்ள அதுவும் ஒன்றே என்று ஒரு வரி எழுதினால் போதும். அதற்குப் பிறகு அதைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இதற்கும் பொருந்தும்.

நெடுந்தீவுக்கு ஆங்கிலத்தில் டெல்ஃப்ட் என்று பெயர். டச்சுக்காரர்கள் இந்தத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். லெய்டன், ஆம்ஸ்டர்டாம், ரோட்டர்டாம் எல்லாம் இந்தக் கடலில் இருந்தன. மற்றவை உதிர்ந்துவிட்டன, இது மட்டும் ஒட்டிக்கொண்டது. எங்கள் அலுவலகத்தில் யாரோ அந்தப் பெயரை வைத்துத் தேடி, நெதர்லாந்தில் இருக்கும் டெல்ஃப்ட் நகரமும் இதுவும் ஒன்றே என்று அந்த ஒரு வரியை எழுதிவிட்டார்கள்.

அதோடு எங்கள் நெடுந்தீவுக்கு ரயில் நிலையம் வந்துவிட்டது. ட்ராம் வந்தது. அறுவை சிகிச்சை செய்யும் பெரிய மருத்துவமனை வந்தது. கணினிக்குள் இருந்த நெடுந்தீவு நோயாளிகள் எல்லோரும் ட்ராம் ஏறிப் போய்ச் சுகமாகித் திரும்பினார்கள். ஆகவே அங்கே படகு தேவையில்லை, ஊர்காவற்றுறையில் கட்டலாம் என்று முடிவு. ஊர்காவற்றுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸே போகிறது!

தீவும் உள்நாட்டு நகரமும் ஒன்றாக இருக்க முடியாது என்று கணினியே முரணைக் கண்டுபிடிக்க வழி உண்டு. வேகம் குறைகிறது என்று அந்தச் சரிபார்ப்பை அணைத்து வைத்திருந்தார்கள். நான் வேறு பிரிவு. தமிழ் தெரியும் என்பதற்காக, விளக்கக் கூட்டத்துக்கான பக்கங்களை மொழிபெயர்க்கக் கடைசியில் என்னைச் சேர்த்தார்கள். போக்குவரத்து என்ற தலைப்பின் கீழ் 'ட்ராம்' என்பதைப் பார்த்ததும் எழுந்து திட்டத் தலைவர் ரகுநாதனிடம் ஓடினேன். அவர் சிரித்தார். "சுவாரசியமா இருக்கே!" என்றார். "அறிக்கை போயாச்சு. நீ போய் ஸ்லைடை மட்டும் படி."

ஆகவே பஸ் நின்றதற்கு நடத்துநரிடம் கத்தினேன். பாவம்.

எஞ்சின் ஆறி, குறிகட்டுவான் போய்ச் சேர்ந்தபோது நெடுந்தீவுப் படகு போய்விட்டிருந்தது. இறங்குதுறையில் இருந்தவர் கையை விரித்தார். "இண்டைக்கு இனி இல்லை. நயினாதீவுக்கு வேணுமெண்டா ஏறும். அங்க சோறும் கிடைக்கும், படுக்க இடமும் கிடைக்கும்."

நயினாதீவுப் படகில் பாதிப் பேர் வெள்ளை உடுத்த சிங்கள யாத்திரிகர்கள், பாதிப் பேர் அம்மன் கோயிலுக்குப் போகும் தமிழர்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா கைபேசியில் சிங்களத்தில் உரக்கப் பேசினார். அடுத்திருந்த பெரியவர் எனக்காக மொழிபெயர்த்தார்: "மகளுக்குச் சொல்லுறா, நாகதீபம் தெரியுது, கிட்ட வந்திட்டம் எண்டு." அவரும் அதே கரையைக் காட்டி, "உந்தா, நயினாதீவு" என்றார்.

எங்கள் தரவில் நாகதீபம் ஒரு தீவு, நயினாதீவு வேறொரு தீவு. ஒன்றில் யாத்திரிகர்கள் நிரம்பி வழிந்தார்கள், மற்றதில் ஆளே இல்லை. இரண்டு டெல்ஃப்டை ஒன்றாக்கியவர்கள் ஒரு தீவை இரண்டாக்கியும் வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே எங்கள் கணினியில் ஒரு படகு வெட்டியாகப் போய்வந்துகொண்டிருந்தது.

கோயில் அன்னதானத்தில் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் மோரும் போட்டார்கள். நம் ஊர் அன்னதானத்தில் நகரு நகரு என்று விரட்டுவார்கள். இங்கே பரிமாறியவர் நான் எழுந்துவிடுவேனோ என்று காவல் நின்றார். "வடிவாச் சாப்பிடுங்கோ, ஆற அமர இருங்கோ." வயிறு நிறைந்ததும் ரகுநாதனை அழைத்து நாகதீபத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அதெல்லாம் சின்ன விதிவிலக்கும்மா. அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம்."

"சார், அடுத்த பதிப்பு வர்றதுக்குள்ள படகை ஊர்காவற்றுறையில கட்டிடுவாங்க."

"நானே வரேன். ஆங்கிலத்துல நான் பேசுறேன், நீ மொழிபெயர்த்தாப் போதும். அந்தக் குதிரைங்களையும் பார்க்கணும்."

நெடுந்தீவில் காட்டுக் குதிரைகள் உண்டு. அந்த அளவுக்காவது அது ஹாலந்து இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் குறிகட்டுவானுக்குத் திரும்பி, நெடுந்தீவுப் படகு. படகின் வயிற்றுக்குள் குனிந்து இறங்க வேண்டும். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், கட்டிய கோழிகள், கூரைத் தகடு, இவற்றுக்கு நடுவே நாங்கள். காற்று அடித்தது. டீசல் வாசனையும் அலையும் சேர்ந்து என்னைப் புரட்டின. கடலே இல்லாத ஊர்க்காரி நான். எதிரே இருந்த பெண் ஒரு சொப்பிங் பையை என் கையில் திணித்தார்.

"இதுக்குள்ள எடும். வெக்கப்படாதேயும்."

வாந்தி எடுத்தேன். பிறகு ஒரு எலுமிச்சையைக் கீறி மோந்துபார்க்கத் தந்தார். அவர் பெயர் யோசப்பின். நெடுந்தீவில் மாடு வளர்க்கிறார். கூட இருந்தவர் கணவர் அந்தோனி, கடல் தொழில் செய்தவர், இப்போது இதய நோயாளி. யாழ்ப்பாணப் பெரியாசுப்பத்திரிக் கிளினிக்குக்குப் போய்விட்டு, ஒரு இரவு உறவினர் வீட்டில் தங்கித் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு மருத்துவரைப் பார்க்க இரண்டு நாள். கோயம்புத்தூரில் ஒரு தெருவுக்கு நான்கு மருத்துவமனை என்பதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

"எங்க தங்கப் போறீர்?" என்று கேட்டார் யோசப்பின். ஏற்பாடு ஒன்றும் இல்லை என்றேன். "அப்ப எங்களோட வாரும். பிள்ளையள் வெளியூரில. அறை சும்மாதான் கிடக்குது."

அவர்கள் வீட்டுச் சமையலறையில் பிட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டபடி, வந்த காரியத்தைச் சொன்னேன். மறைக்க மனம் வரவில்லை. அந்தோனி அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார்.

"இஞ்ச பாருமப்பா! எங்களுக்கு ட்ராம் ஓடுதாம். நானும் நீரும் ஏன் உந்த வள்ளத்துக்குள்ள கிடந்து இடிபட்டனாங்கள்?"

யோசப்பின் அக்கா சிரிக்கவில்லை. அடுப்பில் இருந்த பால் சட்டியை இறக்கி வைத்தார்.

"சிரிக்காதேங்கோ" என்றார் கணவரிடம். பிறகு என்னிடம்: "என்ர மகள் முதல் பிள்ளைக்கு இங்க வந்திருந்தவள். மாரிக்காலம். நாள் கிடந்தது, ஆனா முந்தி வந்திட்டுது. கடல் பொங்கிப்போய்க் கிடக்கு, படகு ஓடேல்லை. இஞ்ச இருந்த டொக்டர் தன்னால ஏலுமானதெல்லாம் செய்தவர், அவரில குற்றம் சொல்ல ஏலாது. கடல் கொஞ்சம் அடங்கினாப்பிறகு இவரும் என்ர தம்பியும் மீன்பிடி வள்ளத்தில ஏத்திக்கொண்டு போனவை. மகள் தப்பினாள். பிள்ளை தப்பேல்லை."

அந்தோனி அண்ணை எழுந்து வெளியே போனார். நான் தட்டை நகர்த்தி வைத்தேன்.

"நீர் நாளைக்கு என்ன சொல்லப் போறீர்?" என்று யோசப்பின் அக்கா கேட்டார்.

"தெரியலைக்கா" என்றேன். வேலை போய்விடுமே என்ற பயம் இருந்தது.

"சாப்பிடும்" என்றார்.

கூட்டம் காலையில் என்றார்கள். பொதுமண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. மீன்பிடிப்பவர்கள், மாட்டுக்காரர்கள், கைக்குழந்தையோடு பெண்கள், மேசைக்குப் பக்கத்தில் அரசு அதிகாரி ஒருவர். எல்லோரும் காத்திருந்தார்கள். ரகுநாதன் தனி விசைப்படகில் வந்து, நேராகக் குதிரை பார்க்கப் போயிருந்தார். வெயில் ஏறிய பிறகு சிவந்த முகத்தோடு வந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை, நல்ல படங்கள் கிடைத்ததாகச் சொன்னார்.

ரகுநாதன் சென்னையில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ்தான். அந்த மண்டபத்தில் ஆங்கிலத்தைத் தவிர ஒரு சொல் பேசவில்லை. வணக்கம்கூட இல்லை. முதல் பக்கத்தை மொழிபெயர்த்தேன். இரண்டாம் பக்கத்தையும் மொழிபெயர்த்தேன். மூன்றாவதில் அந்த அட்டவணை வந்தது. டெல்ஃப்ட் மக்களுக்கு அவசர சிகிச்சை மிக எளிதில் கிடைக்கிறது, ஆகவே படகு வேறிடத்தில் நிறுத்தப்பட வேண்டும் என்று அவர் முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

மண்டபமும் என்னைப் பார்த்தது.

"இதுல இருக்கிறது உங்க ஊர் இல்லைங்க" என்றேன். "ஹாலந்துல டெல்ஃப்ட்னு ஒரு நகரம் இருக்கு. கணினி அதையும் உங்க தீவையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிச்சு. அங்க இருக்கிற ஆஸ்பத்திரியை உங்களுதுன்னு கணக்குப் போட்டிருக்கு. இந்த முடிவு தப்பு. எங்க எல்லாருக்கும் அது தப்புன்னு தெரியும்."

"ஏம்மா! எழுதினதை மட்டும் படின்னு சொன்னேன்ல!"

ரகுநாதனின் கத்தல் ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது. பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "அட, ஐயாவுக்குத் தமிழ் தெரியும் போல கிடக்கு."

இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் நாற்காலிகள் நகரும் சத்தம். "இவ்வளவு நேரமும் எங்களை என்ன பேயர் எண்டு நினைச்சனீரோ?" "காலமையிலிருந்து தொழிலுக்குப் போகாமல் இருக்கிறம்!" கோபம் அவர் மீது மட்டும் இல்லை. ஒரு இளம்பெண், குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு என்னைக் கேட்டாள்: "தெரிஞ்சுகொண்டு ஏன் முதல் ரெண்டையும் படிச்சனீங்கள்?" அவள் கேட்டது சரி.

யோசப்பின் அக்கா எழுந்தார். சத்தம் தானாக அடங்கியது. எல்லோருக்கும் அவரைத் தெரியும், அவர் வீட்டில் நடந்ததும் தெரியும். அவர் ரகுநாதனைப் பார்க்கவில்லை, மேசையில் இருந்த மடிக்கணினியைக் காட்டினார்.

"உந்தப் பெட்டிக்குள்ள என்ர மகளை விட்டுப் பாரும் பிள்ளை. மாரிக்காலம். வயித்துக் குத்து. படகு ஓடேல்லை. எவ்வளவு நேரத்தில போய்ச் சேருறாள் எண்டு சொல்லும்."

ரகுநாதன் கணினியை மூடக் கை நீட்டினார். அரசு அதிகாரி, அதுவரை வாய் திறக்காதவர், "செய்யட்டும்" என்றார்.

ஒரே ஒரு நோயாளி என்பதால் அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பெண், கர்ப்பிணி, இடம் டெல்ஃப்ட், கடல் மூடப்பட்டது. ஓட்டினேன். திரையாகக் கட்டியிருந்த வெள்ளைத் துணியில் ஒரு புள்ளி வீட்டிலிருந்து கிளம்பி, இல்லாத தண்டவாளத்தின் வழியே நகர்ந்து, இல்லாத மருத்துவமனைக்குள் போனது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"பத்து நிமிசம்" என்றார் யோசப்பின் அக்கா. அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எனக்கு அந்தத் துணியைக் கிழிக்க வேண்டும் போல இருந்தது. அந்த ஒரு வரியைத் தேடிப்பிடித்து அழித்தேன். இரண்டு டெல்ஃப்டும் பிரிந்தன. அதே பெண்ணை மீண்டும் விட்டேன். புள்ளி வீட்டிலிருந்து கிளம்பித் துறைமுகத்துக்குப் போனது. அங்கே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் வந்தன. மொழிபெயர்ப்பதுதானே என் வேலை?

"வழி இல்லை" என்று படித்தேன்.

கதவருகே நின்றிருந்த அந்தோனி அண்ணை முகத்தைத் துடைத்துக்கொண்டார். யோசப்பின் அக்கா உட்காரவில்லை. "இதை எழுதிக்கொண்டு போங்கோ" என்று அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி அந்த அறிக்கையை ஏற்க முடியாது, மறுபடி செய்து தர வேண்டும் என்று ரகுநாதனிடம் தமிழில் சொன்னார். ரகுநாதன் தமிழிலேயே தலையாட்டினார்.

இறங்குதுறையில் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன பண்ணிட்டேன்னு தெரியுதா உனக்கு? உள்ளுக்குள்ள பேசித் தீர்த்திருக்கலாம்."

"உள்ளுக்குள்ள ரெண்டு தடவை பேசினேன் சார். நீங்க சிரிச்சீங்க."

"நான் சிரிக்கலை."

"சிரிச்சீங்க."

விசைப்படகில் எனக்கு இடம் இல்லை என்றார். காலி இருக்கைகள் எனக்குத் தெரிந்தன. நான் ஏற விரும்பவும் இல்லை.

அன்றைக்கும் யோசப்பின் அக்கா வீட்டில்தான் தங்கினேன். மாலையில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போனபோது கூடப் போனேன். பவளக்கல் அடுக்கிய வேலிகளுக்கு நடுவே நடந்தோம். தீவின் கிணற்றுத் தண்ணீரில் போட்ட தேநீர் உப்புக் கரித்தது. சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்த நாக்கு அதைக் குறை சொல்ல நினைத்தது, நான் விடவில்லை. அவர் மகளைப் பற்றி மறுபடி பேசவில்லை. கறவை வற்றிய ஒரு மாட்டைப் பற்றி வெகுநேரம் திட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பும் படகில் கைபேசிக்கு உயிர் வந்ததும் செய்தி வந்தது. இந்தத் திட்டத்திலிருந்து நான் விடுவிக்கப்பட்டிருக்கிறேன். நன்றி.

வேலை போகவில்லை. பழைய பிரிவுக்கே அனுப்பினார்கள். என் மேசைக்குப் பக்கத்தில் பேச்சு நின்றது. மதியச் சாப்பாட்டுக்கு என்னை அழைப்பது நின்றது. ஆனால் அதிகாரி விடவில்லை. வேறு ஆட்களைப் போட்டு ஒத்திகையை மறுபடி நடத்தினார்கள், இந்த முறை சரிபார்ப்பை அணைக்காமல். அது முரண்களை வரிசையாகக் கக்கியதாம். நாகதீபமும் நயினாதீவும் ஒன்றாயின. படகு நெடுந்தீவில்தான் நிற்க வேண்டும் என்று முடிவு வந்தது. அறிக்கையில் ரகுநாதன் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. அதற்கும் கோபப்பட்டேன், மறைக்க என்ன இருக்கிறது?

மாரிக்குச் சற்று முன்பு யோசப்பின் அக்கா அழைத்தார்.

"வள்ளம் வந்திட்டுது பிள்ளை."

எனக்குக் கண் கலங்கியது. "பார்த்தீங்களாக்கா?"

"பாக்காமல்? வெள்ளை நிறம். படுக்கை, ஒட்சிசன் எல்லாம் கிடக்கு. மேல படங்கு போட்டு மூடிக் கட்டி வைச்சிருக்கினம். ஓட்டுறதுக்கு ஆள் இன்னும் நியமிக்கேல்லையாம். எண்ணெய்க்கு ஆர் பொறுப்பு எண்டும் தெரியேல்லையாம். கேக்கக் கேக்க மற்ற அலுவலகத்தைக் காட்டுகினம்."

படகு என்றால் என்ன என்று எங்கள் அகராதியில் எவ்வளவோ எழுதியிருக்கிறோம். நீளம், வேகம், எத்தனை பேர் ஏறலாம், எந்த அலையில் நிற்கும். அதை ஓட்ட ஒரு மனிதர் வேண்டும் என்று பழையதிலும் இல்லை, திருத்தியதிலும் இல்லை.

"என்ன, சத்தத்தைக் காணேல்லை? அழுறீரோ?"

"இல்லக்கா. கோபமா இருக்கு."

"அது நல்லம். இவரும் நானும் ஒவ்வொரு நாளும் அந்த அலுவலக வாசலில போய் நிண்டு சண்டை பிடிக்கிறம். பின்னால இருபது பேர் வருகினம். நீரும் உம்மட பக்கத்தில பிடியும். மாரி வருது."

அழைப்பைத் துண்டித்துவிட்டு, திருத்திய அறிக்கையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். ரகுநாதன் அறைக்கதவு மூடியிருந்தது. தட்டாமல் திறந்தேன்.